படகு புகுந்த வீடு

கோவளம்
3-12-1956

தம்பி ஹயாத் பாஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உயிரோடு இருக்கிறேன். நம் வீடு பாதி இருக்கிறது. இந்த இரண்டையும் வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நாலு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் கார்டுதான் வாங்கினேன். எழுத உட்கார்ந்ததும் அது போதாது என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று பிடித்தது. ஆபத்து கடலிலிருந்து வரும் என்று ஊரே கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மேற்கே உப்பங்கழியிலிருந்து வந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் பள்ளிவாசல் மாடியில் ஏறிக்கொண்டோம். விடிந்து இறங்கி வந்து பார்த்தால், மேற்கு அறைச் சுவரை உடைத்துக்கொண்டு ஓர் உப்புப் படகு வீட்டுக்குள் நிற்கிறது. கட்டுமரம் என்று நினைத்துக்கொள்ளாதே. கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு உப்பு ஏற்றிப் போகும் பெரிய படகு. முன்பாதி நம் அறையில். பின்பாதி கொல்லைச் சேற்றில்.

படகுக்காரர் பெயர் கண்ணாயிரம். பெண்சாதி பெயர் வேண்டா, கைக்குழந்தை ஒன்று. அவர்கள் குடித்தனமே படகில்தான். புயலன்று மேட்டில் ஏறித் தப்பித்தவர்கள், தண்ணீர் வடிந்ததும் படகைத் தேடிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பின்னால் இழுத்தால் வராது. பின்பக்கம் புதைந்து, அதன்மேல் பனைமரமும் விழுந்து கிடக்கிறது. மிச்சமுள்ள சுவரை இடித்துப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வெளியே வருமாம். சுவர் போனால் அந்தப் பக்கத்து ஓடும் உத்திரமும் தங்காது. சுவர் இருக்க வேண்டுமென்றால் படகைக் கோடாலி போட்டுப் பிளந்துதான் எடுக்க வேண்டும்.

அத்தா விட்டுப்போன வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு உன்னுடையது. நானாக எதையும் செய்வதற்கில்லை. எதை உடைக்கட்டும் என்று உடனே ஒரு வரி எழுது. சேறு வாரவும் ஆள் கிடைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் சேறு. பன்னிரண்டு அணாவுக்கு வந்தவர்கள் இரண்டு ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கிறேன் என்றாலும் நாளைக்கு என்கிறார்கள்.

இப்படிக்கு
ஷஹர்பானு


செங்கல்பட்டு
6-12-1956

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. உங்கள் உயிரைக் காப்பாற்றிய அல்லாஹ்வுக்கே புகழெல்லாம்.

புயல் இங்கேயும் அடித்தது. ரயிலடிப் பக்கம் நடக்க வழியில்லாமல் மரங்கள் சாய்ந்துவிட்டன. என் கடைக் கூரைத் தகரம் பறந்து பக்கத்துத் தெருவில் கிடந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

கேட்டதற்குப் பதில்: படகை உடையுங்கள். வந்து மோதியது அவர்களுடையது, நின்றுகொண்டிருந்தது நம்முடையது. நியாயமாகப் பார்த்தால் சுவருக்கும் சேறு வாரும் கூலிக்கும் அந்தப் படகுக்காரர்தான் ஈடு கட்ட வேண்டும். அவரிடம் பணம் இருக்காது. மரம் இருக்கிறது. கேளம்பாக்கம் விறகு வியாபாரி காசிநாதனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் ஆட்களே படகைப் பிளந்து ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக இடிபாட்டையும் சேற்றையும் வாரி வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிடுவார்கள். உங்கள் கையிலிருந்து காசு செலவில்லை.

அதன் பிறகு இங்கே வந்துவிடுங்கள். என் வீட்டுக்காரி ஃபக்ருன்னிசாவும் அப்படித்தான் சொல்கிறாள். பாதி வீட்டில் தனியாக ஒரு பெண்பிள்ளை எப்படி இருக்க முடியும்?

கடையில் கூட்டம். ஆணி, கம்பி, கீல், கயிறு என்று விடிந்ததிலிருந்து ஆட்கள் நிற்கிறார்கள். அதிகம் எழுத நேரமில்லை.

தங்கள் தம்பி
ஹயாத் பாஷா


கோவளம்
10-12-1956

தம்பிக்கு,

எப்போதிலிருந்து என்னை ‘நீங்கள்’ என்கிறாய்? படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன்.

உன்னைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்காமல் விட்டது தப்புதான். கேட்டால் காரியம் ஆக வேண்டுமென்று குழைகிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்றிருந்தது. இப்போது கேட்கிறேன். பிள்ளைகள் பயந்தார்களா?

நேற்று காசிநாதன் நாலு ஆட்களோடு வந்தார். படகைச் சுற்றி வந்து, அங்கங்கே தட்டிப் பார்த்தார். “தேக்கு இல்லீங்க. ஆனா நல்லா எரியும்” என்றார். ஓர் ஆள் கோடாலியோடு ஏறப் போனபோது உள்ளேயிருந்து வேண்டா தலையை நீட்டினாள்.

“இன்னாத்துக்கு கோடாலிய தூக்கிகினு வர்ற?”

“வெறவு வெட்ட வந்தேன். எறங்கு.”

“இது வெறவு இல்ல, வூடு. புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு. மெதுவா பேசு.”

அந்த ஆள் கோடாலியைக் கீழே இறக்கிவிட்டு, உண்மையாகவே மெதுவாகப் பேசினான். காசிநாதன் என் பக்கம் திரும்பி, “இன்னாம்மா, உங்க வூட்ல பூந்துகினு நமக்கே சட்டம் சொல்லுது. நீங்க சொல்லுங்க, வெட்டலாமா?” என்று கேட்டார்.

நான் படகுக்குள் எட்டிப் பார்த்தேன். உறியில் பானை. மண் அடுப்பு. ஆணியில் மாட்டிய சின்னக் கண்ணாடி உடையாமல் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு நிற்கிறது தம்பி. பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கண்ணாயிரம் ஒரு வழி சொல்கிறார். சுவரை இடிக்க விட்டால், அவரும் கால்வாய்ப் படகுக்காரர்களுமாகச் சேர்ந்து வீட்டிலுள்ள சேறு, விழுந்த மரம், உடைந்த ஓடு எல்லாவற்றையும் கூலியில்லாமல் வாரித் தருவார்கள். படகு தண்ணீரில் இறங்கியதும் அதிலேயே ஏற்றிக் கொண்டுபோய் அக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். நமக்கு மேற்கு அறை போகும். கிழக்குப் பாதி எனக்குப் போதும். எனக்குச் சம்மதம். உன் சம்மதம் வேண்டும்.

அக்கா
ஷஹர்பானு


செங்கல்பட்டு
13-12-1956

அக்காவுக்கு,

‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபம் வரும்போது ‘நீங்கள்’ நிற்கமாட்டேன் என்கிறது.

நாலு வருஷத்துக்கு முன் அந்த வீட்டு வாசலில் நின்று உன்னிடம் என்ன கேட்டேன்? வீட்டைக் கேட்கவில்லை. கொல்லைப் பக்கத்து இடத்தை மட்டும் விற்கலாம், கடை வைக்க முதல் வேண்டும் என்றேன். என் பங்குதான். ஆனாலும் உன் கையெழுத்து இல்லாமல் வாங்க யாரும் முன்வரவில்லை. நீ என்ன சொன்னாய்? “அத்தா சம்பாதித்ததில் ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டேன்” என்றாய். பக்கத்து வீட்டார் கேட்கும்படி சொன்னாய்.

நான் மாமனாரிடம் கை நீட்டினேன். கொடுத்தார். இன்று வரை பெருநாளைக்கு அந்த வீட்டில் உட்காரும்போது மற்ற மருமகன்களுக்கெல்லாம் வைத்த பிறகுதான் என் தட்டுக்குச் சட்டி வரும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலே தெரியும்படி செய்வார்கள்.

தம்பிக்கு ஒரு பிடி மண் கிடையாது. யாரென்று தெரியாத படகுக்காரருக்கு ஓர் அறை. என்மேல் உனக்கு வராத இரக்கம் அவர்கள்மேல் ஒரே வாரத்தில் எப்படி வந்தது? இதற்கு மட்டும் பதில் எழுது.

சுவரைத் தொடக் கூடாது.

ஹயாத்


கோவளம்
18-12-1956

தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மவுத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து நான் வெளியே வந்த மறு மாதம் நீ வந்து கேட்டாய். கொல்லை போனால் அடுத்தது வீடு போகும், அடுத்தது நான் உன் வீட்டு மூலையில் பாயை விரித்துக்கொண்டு கிடப்பேன் என்று தோன்றியது. நீ கெட்டவன் என்று நினைக்கவில்லை. யாராவது வரும்போது எழுந்து இடம் விட வேண்டியவளாக ஆகிவிடுவேனோ என்றுதான் பயம். தம்பியிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் அத்தா பெயரைச் சொன்னேன். உனக்கு வைக்கும் சோறு பற்றி எனக்குத் தெரியாது ஹயாத். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். அதனால் சொல்லவில்லை.

அந்தப் பெண் படகுக்குள் உட்கார்ந்து ‘இது வெறவு இல்ல, வூடு’ என்றபோது, நான் அன்று உன்னிடம் சொல்ல நினைத்து சொல்லத் தெரியாமல் போனதை அவள் சொன்னது போல இருந்தது. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

முந்தாநாள் கண்ணாயிரமே கோடாலியை எடுத்துவிட்டார். “அம்மா, உங்க தம்பி சொல்றது ஞாயந்தான். மோதுனது எங்க படகு. எங்களால நீங்க அல்லாடிகினு கீறீங்க. நானே வெட்டிடறேன்” என்றார். முன்பக்கம் ஒரு வெட்டு விழுந்தது. பலகை பிளந்துவிட்டது. வேண்டா அழவில்லை. உறியிலிருந்த பானையை இறக்கித் தரையில் வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் ஓடிப் போய்க் கோடாலிக் காம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சுகாதார ஆள் வந்து பவுடர் தூவிவிட்டுப் போனார். சேறு இன்னும் ஒரு வாரம் கிடந்தால் தெருவில் வாந்திபேதி வரும், அப்புறம் அரசாங்க ஆட்களே வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் செலவை வீட்டுக்காரர்மேல் எழுதுவார்கள் என்று எச்சரித்தார்.

சுவரை நான் தொடவில்லை. நீ சொல்லாமல் தொடமாட்டேன்.

ஷஹர்பானு


செங்கல்பட்டு
22-12-1956

அக்கா,

வியாழக்கிழமை கோவளம் வந்தேன். நீ ரேஷன் அரிசிக்குத் திருப்போரூர் போயிருந்தாய்.

கேளம்பாக்கத்தோடு பஸ் நின்றுவிட்டது. மிச்ச தூரம் சேற்றில் நடந்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்று பார்த்தேன். நீ எழுதியதைப் படித்தபோது படகு எனக்கு விறகாகத்தான் தெரிந்தது. நேரில் அப்படி இல்லை. நான் படுத்து வளர்ந்த அறையில், கட்டில் கிடந்த இடத்தில், அதன் மூக்கு இருக்கிறது.

ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து, “இன்னாப்பா, திருவிடந்தையிலேருந்து ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னாங்களே, நீதானா? நின்னுகினு இன்னா பாக்கற? கூடைய எடு” என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ கூடையை எடுத்துவிட்டேன்.

பத்துப் பேர் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள் அக்கா. உன் அடுக்களை துடைத்து வைத்தது போல இருந்தது. நான் சம்மதம் தராதபோதே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று நீ ஏன் எழுதவில்லை?

நான் அவளிடம் கேட்டேன்: “சுவரை இடிக்க விடலேன்னா இந்த வேலையெல்லாம் வீண்தானே?”

“வீணு இன்னா? அம்மா வூட்ல சேறு கீது, வாரணும். படகு வந்தா வருது, வராங்காட்டி போவுது.”

“சம்மதம் தர வேண்டியவரு யாரு?”

“அம்மாவோட தம்பி. செங்கல்பட்டுல கட வெச்சிகினு கீறாராம்.”

“ஆள் எப்படி?”

“கோவக்காரராம். ஆனா கோவத்துல ஞாயம் கீதுன்னு அம்மா சொல்லுது. அவரு கேட்டப்பவே குடுத்திருக்கணும்னு சொல்லிச்சு.”

லுஹர் தொழுகை நேரம் வரை சேறு சுமந்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருக்கிறது. கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் எதற்கும் ஆகாதவனாகிவிட்டேன்.

மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. சட்டியை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். “புது ஆளுக்கு மொதல்ல” என்று வைத்தாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். பார்த்தால் பழையபடி வாய்ச்சண்டையில் போய் முடியுமோ என்று பயந்தேன்.

சுவரை இடியுங்கள். தாம்புக் கயிறு, கடப்பாரை, படகுக்கு ஆணி, தார், பிளந்த பலகைக்கு மாற்று மரம் எல்லாவற்றையும் திங்கட்கிழமை வண்டியில் அனுப்புகிறேன். இது வீட்டைக் காலிசெய்யும் செலவில் என் பங்கு. கண்ணாயிரம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிடு. அவர் சங்கடப்பட்டால், வந்து மோதியது புயல்தான், அவரில்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

தம்பி
ஹயாத்


கோவளம்
30-12-1956

என் தம்பி ஹயாத்துக்கு,

உன் கடிதத்தை வேண்டாவுக்குப் படித்துக் காட்டினேன். கூடை வரைக்கும் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அவரையா கூடைய எடுன்னேன்! அந்த ஆளு கூடைய ரொப்பவே இல்லன்னு திட்டினேனேம்மா!” என்று சொல்லி அடுக்களைக்குள் புகுந்தவள் வெளியே வரவில்லை. நீ எழுதாமல் விட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

வண்டி வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலை சுவரை இடித்தார்கள். முதலில் ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார்கள். உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கடப்பாரையை வைத்ததும் சுவர் ஒரேயடியாகச் சரியவில்லை. முனகிக்கொண்டு, பாதி பாதியாக விழுந்தது. நான் பார்க்கமாட்டேன் என்று தெருப் பக்கம் போய் நின்றேன். பிறகு, இதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும், நீயும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

படகைத் திருப்ப நாள் முழுதும் ஆனது. விழுந்த பனைகளையே அடியில் உருளையாகப் போட்டு, இருபது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோரும் வந்து பிடித்தார்கள். விறகு வாங்க வந்த காசிநாதன்கூடப் பிடித்தார். தண்ணீரில் இறங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாயிரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்துகொண்டது. இப்போது இடிபாட்டை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது.

ஒன்று கேட்கிறேன். மேற்குப் பாதி இப்போது வெறும் இடம். உப்பள முதலாளி ஒருவர் கிடங்கு கட்ட இடம் தேடுகிறார். கொல்லையோடு சேர்த்து விற்றுவிடு. பணம் உன்னுடையது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல். நான் யார் பெயரையும் சொல்லி மறுக்கமாட்டேன்.

அக்கா


செங்கல்பட்டு
6-1-1957

அக்கா,

வேண்டாம், இடம் அப்படியே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக எழுத இரண்டு நாள் முயன்றேன். எழுத முடியவில்லை. எனக்குப் பணம் தேவை. மாமனாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் ஒருநாள் நிமிர்ந்து உட்கார வேண்டும். விற்கிறேன். இதை உன்னிடம் மறைக்காமல் சொல்ல முடிகிறதே, அதுவே எனக்கு ஆறுதல்.

பாகப் பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். கிழக்குப் பாதியும் கிணறும் முழுக்க உன் பெயரில். மூன்றில் ஒன்று, இரண்டு என்று கணக்குப் போட்டு வழக்காடாதே. முத்திரைத் தாள் வாங்கியாகிவிட்டது.

திறந்து கிடக்கும் பக்கத்துக்குப் புதுச் சுவர் எழுப்பும் செலவு என்னுடையது. நிலம் விற்கிற பணத்தில் முதல் செலவே அதுதான். அந்தச் சுவரில் எனக்குப் பங்கு கிடையாது.

இனி எதை இடிக்கவும் கட்டவும் என் சம்மதம் கேட்டு நீ எழுத வேண்டியதில்லை. சும்மா எழுது.

ஹயாத்


கோவளம்
19-2-1957

தம்பி ஹயாத்துக்கு,

சும்மாதான் எழுதுகிறேன்.

சுவர் முடிந்துவிட்டது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. “மேற்கே ஜன்னல் வெச்சா வெயில் சுள்ளுனு அடிக்கும்மா” என்று கொத்தனார் சொன்னார். கிடங்கு எழும்பும் வரைக்கும் கழி தெரியட்டும் என்று வைக்கச் சொன்னேன். அதன் பக்கத்தில்தான் தையல் மிஷினைப் போட்டிருக்கிறேன். சேற்றில் கிடந்ததால் தையல் நடுநடுவே தாண்டுகிறது. மற்றபடி ஓடுகிறது.

இன்று காலை வேண்டாவின் படகு கழியில் போனது. தை மாசத்திலிருந்து உப்பு ஏற்றுகிறார்கள். குழந்தைக்குச் சட்டை தைக்க வேண்டும், அளவெடுக்கக் கொஞ்சம் நிறுத்து என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். “காத்து நல்லா கீதும்மா, இப்ப நிறுத்த முடியாது! கண்ணாலயே அளவெடுத்துக்க!” என்று குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டே போய்விட்டாள்.

கண்ணாலேயே எடுத்திருக்கிறேன். கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன். பட்டணம் போய்த் திரும்புவதற்குள் வளர்ந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா
ஷஹர்பானு